கன்ட்ரோல் எலிக்கு வெள்ளரி இல்லை

2-4-92, வியாழன்

வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. பக்கத்து வீட்டில் இரண்டு குடம் வாங்கிச் சமாளித்தேன். அப்பாவுக்கு இருமல் பரவாயில்லை.

காலேஜில் தபால். மூக்கிரட்டைக் கட்டுரை அச்சாகி வந்துவிட்டது. ஜென்டாமைசின் ஊசியால் எலிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போகிறது, மூக்கிரட்டை வேர்க் கசாயம் கொடுத்தால் அவ்வளவாகக் கெடுவதில்லை. இதுதான் விஷயம். போன வருஷம் இதே வெயிலில் நான் செய்த சோதனை. வேர் பிடுங்கியது நான். கசாயம் இறக்கியது நான். ஊசி, ரத்தம், கலரிமீட்டர் ரீடிங் எல்லாம் நான்.

மேலே இரண்டு பெயர். முதலில் எங்கள் துறைத் தலைவர், பெரிய சார். இரண்டாவது அவருடைய மாப்பிள்ளை.

என் பெயரைத் தேடினேன். கடைசிப் பக்கம், பொடி எழுத்து. தட்டச்சு செய்து உதவிய குமாரி குளோரிக்கு நன்றியாம்.

தட்டச்சு! எனக்கு டைப்பிங்கே தெரியாது.

இனி இந்த நோட்டில் அவனுக்கு மரியாதை கிடையாது. பெ.சா. என்றுதான் எழுதுவேன். அவன் இவன் என்றுதான் எழுதுவேன்.

3-4-92, வெள்ளி

பெ.சா. அறைக்குப் போனேன். பத்திரிகையை மேஜைமேல் வைத்தேன். ஃபேன் காற்றில் பக்கம் பக்கமாகப் புரண்டது.

"என்னம்மா குளோரி, பாத்தியா? நல்லா வந்திருக்கில்ல?"

"என் பேரு இல்லை சார்."

"இருக்கே. நன்றி போட்டிருக்கேனே."

"நான் டைப் அடிக்கலை சார். சோதனை பண்ணினேன்."

சிரித்தான். "நீ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரிம்மா. மாப்பிள்ளைக்கு அடுத்த மாசம் ரீடர் போஸ்ட்டுக்கு இன்டர்வியூ. உனக்கு இப்போ பேரு வந்து என்ன ஆகப்போகுது? நாளைக்கே கல்யாணம் ஆகிப் போயிடுவே."

முப்பத்தொன்று முடிந்துவிட்டது எனக்கு. எந்த நாளைக்கு?

லேபுக்கு வந்து, கிடந்த பீக்கரை எல்லாம் கழுவினேன். ஒன்று உடைந்தது. இல்லை, உடைத்தேன்.

அம்மாவுக்குப் போட்டதும் இதே ஊசிதான். காய்ச்சலுக்குப் பத்து நாள். ஒரு தடவைகூட யூரின் டெஸ்ட் எடுக்கவில்லை. பதினோராம் நாள் கால் வீங்கியது. அப்புறம் இரண்டு மாதம்தான் இருந்தாள். அதற்காகத்தான் இந்தச் சோதனையை நான் கேட்டு வாங்கினேன். பெ.சா.வுக்கு அது தெரியும். துக்கம் விசாரிக்க எங்கள் இரும்புலியூர் வீட்டுக்கு வந்து, நான் போட்ட காபியைக் குடித்துவிட்டுப் போனவன்.

6-4-92, திங்கள்

காலேஜுக்குப் பொத்தேரி பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். செருப்பு வார் அறுந்தது. ஊக்கு.

பெ.சா. கூப்பிட்டான். வாயெல்லாம் பல். ஒரு மருந்துக் கம்பெனி கட்டுரையைப் பார்த்திருக்கிறது. மூக்கிரட்டையில் மாத்திரை போட யோசனை. அதற்கு முன்னால் சோதனையை இன்னொரு முறை செய்து காட்டச் சொல்கிறார்கள். மே 7-ஆம் தேதி ஆள் வருகிறது.

"மாப்பிள்ளை செய்யட்டுமே சார்" என்றேன்.

"அவருக்கு எலின்னா அலர்ஜிம்மா."

அலர்ஜி இல்லை, பயம். போன வருஷம் ஒரே ஒரு நாள் கூண்டைத் திறந்தார். விரலில் கடி. ஒரு வாரம் லீவு.

சரி சார், நானே செய்கிறேன் என்றேன். இவ்வளவு சீக்கிரம் சம்மதிப்பேன் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. முகத்தில் ஒரு சந்தேகம் வந்து போனது. போகட்டும்.

செய்யக்கூடியவை:
1. ஒரு தடவை காய்ச்சிய சக்கையை மறுபடி காய்ச்சி அந்தத் தண்ணீரைக் கொடுப்பது. நிறம் அதேதான், சத்து இருக்காது.
2. ஊசி அளவைக் கூட்டுவது.
3. சீரம் டியூப் லேபிளை மாற்றி ஒட்டுவது.

ஒன்றுதான் சுலபம். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கம்பெனி ஆள் முன்னால் பெ.சா. திருதிருவென்று விழிக்க வேண்டும். அதை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

அப்பாவுக்கு மாத்திரை வாங்க மறந்தேன்.

12-4-92, குருத்தோலை ஞாயிறு

பூசை முடிந்து கையில் ஓலையோடு நேரே முடிச்சூர். ஏகாம்பரம் அண்ணா சாக்கும் கடப்பாரையுமாக ஏரிக்கரையில் காத்திருந்தார். காலேஜ் அனிமல் ஹவுஸில் எலிகளைப் பார்த்துக்கொள்பவர். பதினாறு வருஷ சர்வீஸ். எலிகளுக்கு அவர் குரல் தெரியும்.

போன வருஷம் பிடுங்கிய இடத்தில் இப்போது வரிசையாகக் கல் நட்டு, வெள்ளை அடித்து, நம்பர் எழுதியிருக்கிறார்கள். பிளாட்.

"எல்லாம் வித்துட்டானுங்கோ. அடுத்த வருசம் இங்க வூடு கட்டிகினு இருப்பானுங்க. இப்பவே புடுங்கிக்கோம்மா."

மூக்கிரட்டைக்கு அதெல்லாம் கவலையில்லை. கல்லைச் சுற்றியும் படர்ந்து கிடக்கிறது. சிவந்த தண்டு. காய் புடவை முழுக்க ஒட்டிக்கொண்டது. வேர் ஆழம், மண் இறுகிக் கிடக்கிறது. இரண்டு சாக்கு சேர்க்க மூன்று மணி நேரம். உள்ளங்கையில் கொப்புளம்.

ஏகாம்பரம் அண்ணாவிடம் கட்டுரை விஷயத்தைச் சொன்னேன். கடப்பாரையை நட்டுவிட்டு நின்றார்.

"அந்தாளு பொண்ணு கட்டிகிச்சே, அவுரா பண்ணாரு? அவுரு எலியத் தொட்டதே கெடையாதேம்மா!"

"அவர் பேருதான் போட்டிருக்கு."

"இன்னா அநியாயம் இது. நீ சும்மா வுட்ட?"

சும்மா விடவில்லை அண்ணா என்று சொல்ல வாய் வந்தது. குனிந்து அடுத்த வேரைப் பிடித்தேன்.

17-4-92, பெரிய வெள்ளி

உபவாசம். கோயிலில் மூன்று மணி நேரம். மன்னிப்பதைப் பற்றி நீண்ட பிரசங்கம். எனக்குள் சக்கையை எத்தனை தடவை காய்ச்ச வேண்டும் என்ற கணக்குதான் ஓடியது.

வேர் நிழலில் காய்கிறது. நாளைக்குப் புரட்டிப் போட வேண்டும்.

அப்பா, "உன் முகமே சரியில்லையே" என்றார். உபவாசம்பா என்றேன்.

24-4-92, வெள்ளி

கசாயம் ரெடி. வேரை இடித்து, காய்ச்சி, வடிகட்டி, சுண்டவைத்து நான்கு நாள். முதுகு விட்டுப்போனது.

சக்கைத் தண்ணீரும் ரெடி. ஃபிரிட்ஜில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாட்டில். இரண்டும் ஒரே பழுப்பு. நல்ல கசாயப் பாட்டில் மூடியில் சின்னதாக ஒரு கீறல். எனக்கு மட்டும் தெரியும்.

மாப்பிள்ளை லேப் வாசல்வரை வந்தார். மூக்கில் கைக்குட்டை. "எல்லாம் நல்லபடியா போகுதா சிஸ்டர்?" சிஸ்டராம். ஆஸ்பத்திரி என்று நினைப்பு.

"போகுது சார். இந்தத் தடவை உங்க பேரு இன்னும் நல்லா வரும்."

நன்றி சொல்லிவிட்டுப் போனார். பாவம், அதுகூடப் புரியவில்லை.

27-4-92, திங்கள்

இன்று நடந்ததை முழுதாக எழுத வேண்டும்.

சோதனை முதல் நாள். நான்கு கூண்டு, கூண்டுக்கு ஆறு எலி. அ: எதுவும் கிடையாது. ஆ: ஊசி, கூடவே வாயில் வெறும் தண்ணீர். இதுதான் கன்ட்ரோல், கசாயம் இல்லாமல் என்ன ஆகிறது என்று பார்க்க. இ: ஊசி, கொஞ்சம் கசாயம். ஈ: ஊசி, நிறையக் கசாயம்.

எட்டு மணி. ஃபிரிட்ஜைத் திறந்தேன். கை சக்கைப் பாட்டில் பக்கம் போனது. அப்போது ஏகாம்பரம் அண்ணா ஒரு பை நிறைய வெள்ளரிப் பிஞ்சோடு வந்தார். உட்கார்ந்து வட்ட வட்டமாக நறுக்க ஆரம்பித்தார்.

"சாப்பிடவா அண்ணா?"

"எனக்கு இன்னாத்துக்கு? எலிங்களுக்கும்மா. நீ அந்தக் கசப்பை வாயில வுட்டதும் அதுங்க மூஞ்சப் பாத்துக்கீறியா? சுருங்கிப் பூடும். மருந்து குடிச்ச கொயந்தைக்கு வாயில சக்கரை போடமாட்டோமா, அந்த மாரிதான். போன வருசமும் நீ பூட்டப்புறம் தெனிக்கும் ரெண்டு ரெண்டு துண்டு வச்சேனே."

"எல்லாக் கூண்டுக்குமா?"

"கசாயம் குடிச்ச கூண்டுக்கு மட்டும்தான். அந்த ஆ கூண்டுக்கு நீ வெறுந்தண்ணிதானே குடுக்கற? அதுக்கு இன்னா கசப்பு?"

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

வெள்ளரிக்காய் முழுக்கத் தண்ணீர். உடம்பில் தண்ணீர் ஏறினாலே இந்த ஊசி சிறுநீரகத்தில் தங்குவது குறையும். அப்படியானால் போன வருஷம் இ, ஈ எலிகளைக் காப்பாற்றியது எது? மூக்கிரட்டையா, ஏகாம்பரம் அண்ணாவின் வெள்ளரியா? எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. எட்டு நாள் தினமும் ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். அதற்கப்புறம் கூண்டில் என்ன நடக்கிறது என்று பார்க்கவில்லை. தப்பு என்னுடையதுதான்.

அம்மா பெயரைச் சொல்லிச் செய்த வேலை, பொய்யா?

அப்புறம் சிரிப்பு வந்தது. நிறுத்தவே முடியவில்லை. அண்ணா பயந்துவிட்டார். பெ.சா. திருடியது ஓட்டைப் பானை! நான் ஒன்றும் கெடுக்க வேண்டாம். சக்கையும் வேண்டாம். சோதனையை ஒழுங்காகச் செய்தாலே போதும். வெள்ளரியை நிறுத்தினால் போதும். அவன் தானாகவே விழுவான். நான் நேர்மையானவளாகவும் இருக்கலாம்.

சக்கைத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டினேன். கீறல் போட்ட பாட்டிலைத்தான் எடுத்தேன்.

"அண்ணா, இந்தத் தடவை வெள்ளரி கிடையாது. ஒரு துண்டுகூட. யாருக்கும்."

"ஐய, பாவம்மா அதுங்க."

"எனக்காக."

முணுமுணுத்துக்கொண்டே பையைக் கட்டினார். மதியம் அந்த வெள்ளரியில் உப்பு, மிளகாய்த்தூள் போட்டு இருவரும் சாப்பிட்டோம். இந்த மாதம் இவ்வளவு ருசியாக எதையும் சாப்பிடவில்லை.

1-5-92, வெள்ளி

லீவு. எலிக்கு லீவு கிடையாது. ஐந்தாம் நாள் டோஸ்.

ஆ கூண்டு சோர்ந்து கிடக்கிறது. உமி முழுக்க ஈரம், ரோமம் சிலிர்த்து நிற்கிறது. இ, ஈ எப்படி என்று உற்றுப் பார்க்கவில்லை. வேண்டுமென்றேதான். முன்கூட்டிப் பார்த்தால் சந்தோஷம் குறையும்.

இப்போதெல்லாம் ஆறரை மணிவரை அங்கேயே இருக்கிறேன். அண்ணா திருட்டுத்தனமாக வைத்துவிடுவாரோ என்று. "என்னிய நம்பலியா?" என்று கோபித்துக்கொண்டார்.

வீட்டில் ரசம், அப்பளம். அப்பா கேட்டார், "அந்த வாத்தியார் பேரு போட்டானா?" இன்னும் ஆறு நாள்பா என்றேன். ஆறு நாள் எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. ரயில்வேயில் முப்பது வருஷம் இருந்தவர், யார் வேலையை யார் பெயரில் எழுதுவார்கள் என்று அவருக்குத் தெரியாதா என்ன.

4-5-92, திங்கள்

கத்திரி ஆரம்பம். கடைசி டோஸ். நாளைக்கு ரத்தம்.

பெ.சா. வராண்டாவில் யாரிடமோ: "அந்த மாலிக்யூலை ஐசோலேட் பண்றதுதான் என் கனவு சார்." கனவு! மூக்கிரட்டையையும் பருப்புக் கீரையையும் பக்கத்தில் வைத்தால் எது எதென்று சொல்லட்டும் பார்ப்போம்.

5-5-92, செவ்வாய்

கரண்ட் மதியம்வரை இருந்தது. புண்ணியம்.

ரத்தம் எடுத்தேன், சீரம் பிரித்தேன். பிக்ரிக் ஆசிட் கலவை ஊற்றி வைத்தால் மஞ்சள் திரும்பி ஆரஞ்சாகும். ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு எவ்வளவு அதிகமோ அவ்வளவு அடர்த்தி. அடர்த்தி என்றால் சிறுநீரகம் போய்விட்டது என்று அர்த்தம். ஆ டியூப் ஆறும் நன்றாகச் சிவந்தன. இ, ஈ-யும் அதே மாதிரி வரும். அதைப் பார்க்கத்தான் ஒரு மாதம் காத்திருந்தேன்.

வரவில்லை.

இ வெளிறிய ஆரஞ்சு. ஈ கிட்டத்தட்ட அ மாதிரியே மஞ்சள்.

கலவை கெட்டுவிட்டது என்று நினைத்தேன். புதிதாகக் கலந்து மறுபடி போட்டேன். அதே நிறம். டியூபைக் கழுவி மூன்றாவது தடவை. அதேதான்.

போன வருஷத்து நோட்டை எடுத்துப் பார்த்தேன். அப்போது இன்னும் கொஞ்சம் நன்றாக வந்திருக்கிறது. அந்தக் கொஞ்சம்தான் வெள்ளரி. மீதி முழுக்க மூக்கிரட்டை.

வேலை செய்கிறது. அம்மா, வேலை செய்கிறது. நிஜமாகவே செய்கிறது.

ஓடிப்போய் ஏகாம்பரம் அண்ணாவிடம் சொன்னேன். "அப்போ என் வெள்ளரிக்கா?" என்றார் ஏமாற்றத்தோடு. கொஞ்சம் அதுவும்தான் அண்ணா என்றேன். முகம் மலர்ந்தது.

திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. என் வேலை நிஜம். அதனால் அவன் ஜெயித்துவிட்டான். இருபத்துநாலு எலியை வைத்து நானே அவனை ஜெயிக்க வைத்துவிட்டேன்.

லேபில் யாரும் இல்லை. ரீடிங் நோட்டு திறந்திருந்தது. ஈ வரிசையில் நான் எதை எழுதினாலும் அதுதான். பென்சிலால் ஒரு பொய் நம்பர் எழுதினேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கையெழுத்தில் என் வேலையை நானே பொய் என்று எழுதுவதா? அவன் என் பெயரை மட்டும்தான் எடுத்தான். இதைச் செய்தால் மீதியை நானே தூக்கிக் கொடுத்த மாதிரி.

அழித்தேன். பேனாவால் சரியான நம்பரை எழுதினேன். அழுகை வந்தது. ஆத்திரத்தில்தான்.

7-5-92, வியாழன்

கம்பெனியிலிருந்து வந்தது ஒரு பெண்மணி. ஐம்பது வயது இருக்கும். கைத்தறிப் புடவை, தடிக் கண்ணாடி, கையில் ஒரு பழைய ஃபைல். பெ.சா. ஆண் வருவான் என்று நினைத்து டை கட்டியிருந்தான். பிஸ்கட், முந்திரி, கூல்டிரிங்க்.

அந்த மேடம் எதையும் தொடவில்லை. அனிமல் ஹவுஸுக்கே போய்ப் பேசலாம் என்றார். பெ.சா., மாப்பிள்ளை, நான். ஏகாம்பரம் அண்ணா ஓரமாகக் கூண்டு துடைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருஷ ரீடிங்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டுமே நல்லா இருக்கு. ஆனா போன வருஷம் இன்னும் கொஞ்சம் பெட்டரா இருக்கே, ஏன்?"

மாப்பிள்ளையைப் பார்த்துத்தான் கேட்டார். கட்டுரையில் அவர் பெயர்தானே.

"டெம்பரேச்சர் மேடம்" என்றார் மாப்பிள்ளை.

"ரெண்டுமே கோடையிலதானே பண்ணியிருக்கீங்க? தீனி என்ன குடுத்தீங்க?"

"கட்டுரையிலயே இருக்கு மேடம். பெல்லட், தண்ணி. வேற ஒண்ணும் கிடையாது."

மேடம் அதைக் குறித்துக்கொண்டார். பேனா நிற்கும்வரை காத்திருந்தேன்.

"வெள்ளரிக்காய் மேடம்" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். அண்ணா கையில் துணி அப்படியே நின்றது.

"போன வருஷம் கசாயம் குடுத்த கூண்டுக்கு மட்டும் தினமும் ரெண்டு துண்டு வெள்ளரி வச்சது. கன்ட்ரோலுக்கு வைக்கலை. அது தப்பு. அந்த ரிசல்ட்டை அப்படியே நம்ப முடியாது. இந்த வருஷம் நிறுத்திட்டேன். இதுதான் சுத்தமான ரிசல்ட்."

பெ.சா. முகம் கறுத்தது. "யாரு வச்சது?"

அண்ணா வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். "நான்தான் சார்."

"யாரைக் கேட்டு வச்சே?"

"யாரையும் கேக்கலை சார். அங்க வேற யாரும் இல்லையே."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். மாப்பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்போ போன வருஷம் சோதனை பண்ணினது யாரு?"

"எல்லாம் டீம் ஒர்க் மேடம்" என்றான் பெ.சா. நெற்றியில் வேர்வை. முந்திரித் தட்டை நீட்டினான். அனிமல் ஹவுஸில், எலி நாற்றத்துக்கு நடுவில், முந்திரி!

மேடம் ஃபைலை மூடினார். "யோசிச்சு எழுதறேன்" என்று மட்டும் சொன்னார். போகும்போது என்னிடம் முழுப் பெயர் கேட்டு எழுதிக்கொண்டார்.

கார் கேட்டைத் தாண்டியதும் பெ.சா. கத்திய கத்தலில் எலிகள் எல்லாம் மூலைக்கு ஓடின. சோறு போட்ட கை, நன்றி கெட்டவள், பார்த்துவிடுகிறேன், இத்யாதி. நான் கூண்டு நம்பரை எண்ணிக்கொண்டிருந்தேன். அ, ஆ, இ, ஈ.

"இன்னாத்துக்கும்மா என் பழிய நீ ஏத்துகின?" அண்ணா அழுதுவிட்டார்.

உங்களை இவன் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவான் அண்ணா என்றேன். இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லவில்லை. வெள்ளரி வைத்தவள் நான் என்றால், சோதனை செய்தவளும் நான்தான்.

8-5-92, வெள்ளி

லேப் சாவியை வாங்கிக்கொண்டார்கள். ஸ்டோர் ரூமில் உட்காரச் சொல்லி உத்தரவு. பழைய பாட்டில்களுக்கு லிஸ்ட் எடுக்கிறேன். மூடியில்லாதவை நாற்பத்தொன்று.

ஆஃபீஸ் கிளார்க் காதில் ஓதினார்: "மெமோ ரெடியாகுது மேடம். ராத்திரி முழுக்கத் தானே உக்காந்து டிராஃப்ட் போட்டாராம். உங்களை ஒழிச்சுக்கட்டாம விடமாட்டாராம்."

பயம்தான். வேலை போனால் அப்பா பென்ஷன் மட்டும். அது மருந்துக்கே பத்தாது. ஆனாலும் வருத்தமில்லை. அவன் வேர்வையை ஒரு தடவை பார்த்தாயிற்று. இன்னொரு தடவை பார்க்கவும் ஆசை.

11-5-92, திங்கள்

சூடு தாங்கவில்லை. மோர் இரண்டு டம்ளர்.

பதினொரு மணிக்கு மெமோ வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ஆங்கிலத்தில் ஒரு பக்கம். தமிழில் இங்கே எழுதி வைக்கிறேன்:

"சென்ற ஆண்டு தாங்கள் தனியாகத் திட்டமிட்டு நடத்திய மூக்கிரட்டைச் சோதனையில், விலங்குகளுக்கு அனுமதியில்லாத தீனி கொடுத்ததைத் தாங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். இச்சோதனையின் முழுப் பொறுப்பும் தங்களுடையதே. மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும்."

கீழே பச்சை மையில் அவன் கையெழுத்து. காலேஜ் முத்திரை. தேதி.

இரண்டாவது தடவை படித்தபோதுதான் கண்ணில் பட்டது. மூன்றாவது தடவை உரக்கப் படித்தேன். தாங்கள் தனியாகத் திட்டமிட்டு நடத்திய.

என்னை மாட்டிவிடுகிற வேகத்தில் எழுதியிருக்கிறான். தப்பு முழுக்க என் தலையில் விழ வேண்டும், மாப்பிள்ளைமேல் ஒரு துளி தெறிக்கக்கூடாது. அதற்காக அவனே தன் கையால், முத்திரை வைத்துக் கொடுத்துவிட்டான். நான் கெஞ்சிக் கேட்டபோது கொடுக்காததை.

மதியம் அரை நாள் லீவு. தாம்பரம் ஸ்டேஷன் எதிரே ஜெராக்ஸ் கடை. மெஷின் சூடாகிவிட்டது, பத்து நிமிஷம் காத்திருக்கச் சொன்னார்கள்.

"எத்தினி காப்பிக்கா?"

"மூணு. முத்திரை தெளிவா விழணும்."

ஒன்று பத்திரிகை ஆசிரியருக்கு. ஒன்று கம்பெனி மேடத்துக்கு. ஒன்று மாப்பிள்ளையை இன்டர்வியூ செய்யப்போகிறவர்களுக்கு. மூன்றையும் ரிஜிஸ்டர் போஸ்டில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். ரசீது பைபிளுக்குள்.

விளக்கம் எழுத மூன்று நாள் இருக்கிறது. முதல் வரி எழுதிவிட்டேன். ஐயா, ஒப்புக்கொள்கிறேன், அந்தச் சோதனையை நடத்தியது நான்தான்.